ஒரு கல் உயரம்

எல்லாவற்றுக்கும் ரெனாட்டா சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் காரணம் என்று லரூ இன்றுவரை சாதிக்கிறாள். "அழகு" என்பது அந்த வார்த்தை.

ரெனாட்டா மேய்ச்சல் நில அலுவலகத்துப் பெண். அன்றைக்கு முதலில் லரூவின் ஓடையைத்தான் பார்க்க வந்தாள். ஓடைக்குக் குறுக்கே பதித்திருந்த கற்களைப் பூட்ஸ் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு லரூ" என்றாள். பிறகு எல்லாருமாக வண்டியேறி நெட்ராவின் ஓடைக்குப் போனார்கள். அங்கேயும் அதே கற்கள்தான், அதே குன்றின் அடிவாரத்திலிருந்து அள்ளி வந்தவைதான். ஆனால் இங்கே ரெனாட்டா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அழகா இருக்கு நெட்ரா!" என்றாள்.

இவளுக்குச் சரி, அவளுக்கு அழகு. லரூ சிரித்துக்கொண்டுதான் நின்றாள். சிரிப்புக்குப் பின்னால் பல் நறநறவென்று கடிபட்டது அவள் புருஷன் வெர்லுக்கு மட்டும் கேட்டிருக்கும்.

அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்டாளாம் ஒருத்தி. அவளாவது அடுத்த வீட்டுக்காரி. லரூவும் நெட்ராவும் ஓரகத்திகள். அண்ணன் வெர்லுக்கு வாக்கப்பட்டவள் லரூ, தம்பி ஆர்லனுக்கு வாக்கப்பட்டவள் நெட்ரா. பங்காளிக் காய்ச்சல் ஆண்களுக்குத்தான் வரும் என்று எவன் சொன்னான்? அண்ணனும் தம்பியும் ஒரே கயிற்றைப் பிடித்துக் கன்றுக்குச் சூடு போடுகிறவர்கள். காய்ச்சல் முழுவதையும் லரூ ஒருத்தியே வாங்கிக்கொண்டிருந்தாள்.

நெட்ரா கெட்டவளாக இருந்திருந்தால் லரூவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கெட்டவள் இல்லை. பக்கத்து மாநிலத்து உருளைக்கிழங்குக் காட்டிலிருந்து வந்தவள். வந்த வருஷமே சந்தைத் திருவிழாவில் பீச் பழ ஜாடிக்கு முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கினாள். அதுவரை அந்த ரிப்பன் லரூவின் சமையலறையை விட்டு வேறெங்கும் போனதில்லை. தேவாலயத்தில் தனிப்பாட்டு நெட்ராவுக்குப் போனது. சாவு வீட்டுக்கு இரண்டு பேரும் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு கொண்டுபோனால், நெட்ராவின் தட்டு வழித்துத் துடைத்துத் திரும்பி வரும். லரூவின் தட்டில் ஒரு ஓரம் மிஞ்சியிருக்கும். அந்த ஓரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளே நின்றபடி தின்பாள்.

இந்த லட்சணத்தில்தான் உப்பு விவகாரம் வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கத்துக் குன்றுகள் சாம்பல் நிறம். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த மண், கடல் போயும் உப்பை விடவில்லை. வெயில் ஏறினால் குன்று முழுக்க வெள்ளை பூக்கும். மழை பெய்தால் அந்த வெள்ளை கரைந்து ஓடைக்கு வரும், ஓடையிலிருந்து கொலராடோ ஆற்றுக்குப் போகும், ஆற்றுத் தண்ணீரை நம்பிக் கீழே பயிர் வைத்தவன் தலையில் விடியும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே தண்ணீரே உப்பைத் தின்கிறது, குடிக்கிறவன் எவனோ.

நிலம் அரசாங்கத்துடையது. அதில் மாடு மேய்க்கும் உரிமை மட்டும் குடும்பத்துடையது. மாமனார் செத்த பிறகு அந்த உரிமை இரண்டாகப் பிரிந்து, வடக்கு ஓடைப் பக்கம் வெர்லுக்கும் தெற்கு ஓடைப் பக்கம் ஆர்லனுக்கும் வந்தது. வசந்த காலத்தில் மண் ஈரமாக இருக்கும்போது மாடு மிதித்தால் மேல் பொருக்கு உடைந்து, உப்பு இன்னும் சுலபமாகக் கரைந்து போகிறது என்றது அலுவலகம். இரண்டு ஓடையும் கூடுகிற இடத்தில் ஒரு பெட்டியை நட்டார்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அது பார்த்துச் சொல்லும். ஊரில் அதற்கு உப்புப் பெட்டி என்று பேர். கோடை மழை முடிவதற்குள் உப்பு குறைய வேண்டும். குறையாவிட்டால் வசந்தத்தில் மேய்ச்சல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வசந்தப் புல் இல்லையென்றால் விலைக்கு வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகாது, மந்தையில் பாதியை ஏலத்துக்கு ஓட்ட வேண்டியதுதான்.

அதற்கு ரெனாட்டா ஒரு வழி சொன்னாள். சின்னச் சின்னதாக அரித்து ஓடுகிற பள்ளங்களில் குறுக்கே கல் பதிக்க வேண்டும். தண்ணீரை நிறுத்துவதற்கு இல்லை, நிதானப்படுத்துவதற்கு. நிதானமான தண்ணீர் சேற்றை அங்கேயே இறக்கிவிடும், சேற்றில் புல் முளைக்கும், உப்பு குன்றிலேயே கிடக்கும்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றாள். "ஒரு கல் உயரம். கல்லுக்குப் பக்கத்துல கல்லு வைங்க, எவ்வளவு அகலம் வேணும்னாலும் போங்க. கல்லு மேல கல்லு மட்டும் வேண்டாம்."

ஆண்கள் இரண்டு பேரும் தீவனப் புல் அறுப்பில் இருந்ததால், கல் வேலை பெண்களுக்கு வந்தது. அப்படி வந்த வேலைக்குத்தான் "சரி"யும் "அழகு"ம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வெர்ல் ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் லரூ ஆரம்பித்துவிட்டாள்.

"அவ கல்லுல என்ன அழகைக் கண்டா அந்தப் பொண்ணு?"

"யாரு கல்லுல?" என்றான் வெர்ல், தெரியாதவன் போல.

"என் கல்லும் அதே கல்லு. என் கை என்ன கோணலா?"

"சரியா இருக்குன்னுதானே சொன்னா. சரியா இருந்தா போதாதா? நான் உன்னைக் கட்டிக்கும்போது எங்கப்பன் 'சரி'ன்னுதான் சொன்னார்."

"நெட்ராவைப் பார்த்தப்ப என்ன சொன்னார்?"

வெர்ல் உருளைக்கிழங்கில் கவனமானான். அதற்கு என்ன பதில் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் லரூ தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு குன்றடிக்குப் போனாள். நல்ல தட்டையான மணற்கல்லாகப் பார்த்துப் பொறுக்கி ஏற்றினாள். தன் ஓடைக்கு வந்து முதல் வரிசையைப் பார்த்தாள். தரையோடு தரையாக, யாரோ தெரியாமல் கொட்டிவிட்டுப் போன மாதிரி கிடந்தது. இதைப் பார்த்து எவள் தொப்பியைக் கழற்றுவாள்? ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். நன்றாக உட்கார்ந்தது. இன்னொன்று வைத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அவளுடைய ஓடையில் எல்லா இடத்திலும் கல் வரிசை மூன்றாக ஏறிவிட்டது. இடுக்கில் சில்லுக் கல் செருகி, பக்கவாட்டில் தட்டி, வீட்டுச் சுவர் போல நிறுத்தியிருந்தாள். முதுகு விண்விண் என்று தெறித்தது. அந்த வலியும் அவளுக்கு இனித்தது.

வெர்ல் வந்து பார்த்தான். தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"ஒரு கல்லுதான்னு அந்தப் பொண்ணு சொன்னாளே."

"அது ரெண்டாவது கல்லைத் தூக்கத் தெம்பு இல்லாதவங்களுக்குச் சொன்னது."

"லரூ, வெள்ளம் வந்தா..."

"வரட்டுமே. ஒரு கல்லு கொஞ்சம் சேறு பிடிச்சா, மூணு கல்லு மூணு மடங்கு பிடிக்காதா? உனக்குக் கணக்கு வராதுன்னு உங்கம்மாவே சொல்லியிருக்காங்க."

கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. வெர்லும் வாயை மூடிக்கொண்டான். பொண்டாட்டி சந்தோஷமாக இருப்பது அபூர்வம், அதைப் போய்க் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டான். அந்த வீட்டில் நடந்த பாதித் தப்பு இப்படி விட்டுக்கொடுத்ததில் நடந்ததுதான்.

லரூவுக்கு இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. நெட்ரா இதைப் பார்க்க வேண்டும். வழிதவறிய கன்று ஒன்று வடக்கே வந்திருக்கிறது, உன்னுடையதா பார் என்று போனில் கூப்பிட்டு, கன்றே இல்லாத இடத்துக்கு அவளை நடத்திக் கூட்டிவந்தாள். சுவர்களுக்கு முன்னால் நின்றதும் நெட்ரா பேச்சை நிறுத்தினாள்.

"எல்லாம் நீயே வச்சியா?"

"பின்னே? தேவதூதனா வந்து வச்சான்?"

நெட்ரா ஒரு சுவரின் மேல்கல்லைத் தடவினாள். லரூ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளிப்பு, ஒரு கறுப்பு, உதட்டோரத்தில் ஒரு கோணல், ஏதாவது ஒன்று வராதா என்று பார்த்தாள். எதுவும் வரவில்லை.

"ரொம்ப உயரமா இருக்கு. முதுகு வலிக்கலையா உனக்கு? வீட்டுல தைலம் இருக்கு, அனுப்பட்டுமா?" என்றாள் நெட்ரா.

தைலம்! லரூவுக்கு அந்த மேல்கல்லை எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. தன்னைப் பார்த்துப் பொறாமைப்படக்கூடத் தெரியாத ஒருத்தியோடு எப்படித்தான் காலம் தள்ளுவது? சாயங்காலம் தைலம் வந்தது, கூடவே ஒரு ஜாடி பீச்சும். லரூ தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். பீச்சைத் தொடவில்லை. அதை வெர்ல் தின்றான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு பிற்பகல், மேற்கே பீடபூமிக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் மழை வந்தால் கொஞ்ச நேரம்தான், ஆனால் ஒரு வருஷக் கோபத்தையும் அதற்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஓடைகள் சாம்பல் நிறத்தில் கஞ்சி போலப் பொங்கி ஓடின. லரூ சன்னலில் நின்றபடி, தன் சுவர்களுக்குப் பின்னால் சேறு மடங்கு மடங்காக ஏறுவதை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் போனாள். பாதை அறுத்துக்கொண்டு போயிருந்ததால் வண்டியை விட்டு இறங்கி நடந்தாள்.

ஓடை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. மூன்று கல் உயரம் ஏறிய தண்ணீர் மூன்று கல் உயரத்திலிருந்து விழுந்திருந்தது. விழுந்த இடத்தில் கடப்பாரை போட்டது போலக் குழி. குழி பின்னால் நகர்ந்து சுவரின் காலையே தோண்டியிருக்கிறது. மேலே இருந்த சுவர் சாய்ந்து, அந்தக் கல்லும் தண்ணீருமாகச் சேர்ந்து அடுத்ததை இடித்து, அது அதற்கடுத்ததை இடித்து, முழங்கால் ஆழம் இருந்த பள்ளம் இப்போது ஆள் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. இதுவரை வெளிச்சமே படாத களிமண் இரண்டு பக்கமும் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. ஈரம் காயக் காய அதில் வெள்ளை பூக்கத் தொடங்கியிருந்தது. அவ்வளவு உப்பும் ராத்திரியே பெட்டியைத் தாண்டிப் போயிருக்கும்.

ஒரு கல் என்று அந்தப் பெண் ஏன் சொன்னாள் என்பது லரூவுக்கு அந்தக் குழியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தரையோடு கிடக்கிற கல்லின் மேல் தண்ணீர் தவழ்ந்து போகும். சுவரிலிருந்து அது குதிக்கும். அவள் வெள்ளத்துக்கு ஏணி கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அழத்தான் இருந்தாள். ஆனால் அழுகைக்கு முன்னால் வேறொரு நினைப்பு முந்திக்கொண்டது. நெட்ராவுடையது நின்றிருக்கும். ரெனாட்டா வந்து மறுபடியும் தொப்பியைக் கழற்றுவாள்.

கரையோடு நடந்து தெற்கு ஓடைக்குப் போனாள். நடக்கும்போதே, அதுவும் உடைந்திருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டாள். உடைந்திருந்தால் பெட்டியில் உப்பு இன்னும் ஏறும், கேட் நிச்சயம் பூட்டப்படும், தன் மாடும் சேர்ந்து ஏலத்துக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்கிற வேண்டுதல் அது. தெரிந்தேதான் வேண்டினாள். ஒருமுறைக்கு இரண்டு முறையாக வேண்டினாள்.

கடவுள் சில சமயம் கேட்டுவிடுகிறார்.

நெட்ராவின் ஓடையும் அதே போலக் கிழிந்து கிடந்தது. லரூவின் நெஞ்சுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் எழும்பியது. கை தட்டாத குறை. அப்புறம்தான் கரையோரம் ஒரு மூலையில் விழாமல் மிஞ்சியிருந்த கற்களைக் கவனித்தாள். ஒன்றின் மேல் ஒன்று இருந்தது.

நெட்ராவும் அடுக்கியிருக்கிறாள்!

"திருடி," என்றாள் லரூ, வாய்விட்டு. "என் யோசனையைத் திருடிட்டா."

வீட்டுக்கு வந்ததும் வெர்லிடம் சொன்னாள். அவன், "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடலாம்" என்றான்.

"அவளே வந்து பார்க்கட்டும்," என்றாள் லரூ. ஏலத்துக்குப் போகிற மாடுகளை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அவள் பேர் வைத்திருந்தாள்.

பாதை காய்ந்ததும் ரெனாட்டா வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. உப்புப் பெட்டி காட்டிய அளவைப் பார்த்து, அவள் மேலதிகாரி கல் வேலையே வீண் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு குடும்பத்தையும் தெற்கு ஓடையில் கூட்டினாள், அங்கேதான் வண்டி போகும். கிழிந்த பள்ளத்தைப் பார்த்தபடி நின்றவள், "நான் சொன்னதுதான் தப்பாப் போச்சு போல" என்றாள்.

நெட்ரா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"நீ சொன்னதுல தப்பில்லம்மா. ஒரு கல்லுன்னு சொன்னே. நான்தான் மேல அடுக்கினேன். கல்லும் தப்பில்ல, மாடும் தப்பில்ல. என் தப்பு."

ரெனாட்டா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போய் இரண்டு கையாலும் நெட்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனையோ பேரோட வேலை பார்த்திருக்கேன் நெட்ரா. தானா முன்வந்து தப்பை ஒத்துக்கிட்ட ஒரே ஆள் நீங்கதான். இதை எப்படி மறப்பேன்?"

ஆர்லன் பெண்டாட்டியின் தோளில் கை போட்டான். வெர்ல் தொப்பியைக் கழற்றினான். அட, தன் புருஷனே தொப்பியைக் கழற்றுகிறான்! லரூ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டியில இவ்வளவு உப்பு ஏற இந்த ஒரு பள்ளமே போதும்," என்று ரெனாட்டா சொல்லிக்கொண்டிருந்தாள். "தெற்குக் கேட்டை ஒரு வசந்தம் பூட்ட வேண்டியிருக்கும், வேற வழியில்ல. வடக்கைத் தொட வேண்டாம்னு சொல்லிப் பார்க்கிறேன். லரூ, உங்க ஓடையில ஒண்ணும் இல்லையே?"

வெர்ல் மனைவியைப் பார்த்தான். இல்லை என்று சொன்னால் போதும், கேட் திறந்திருக்கும், ஒரு மாடும் ஏலத்துக்குப் போகாது. சொல்லக்கூட வேண்டாம், சும்மா தலையை ஆட்டினாலே போதும். லரூவும் ஆட்டத்தான் இருந்தாள். தலை பாதி திரும்பியும்விட்டது.

"மத்த மேய்ச்சல்காரங்க கூட்டத்துல நெட்ராவைப் பத்திச் சொல்லப் போறேன்," என்றாள் ரெனாட்டா. "இப்படி ஒருத்தங்க இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியணும்."

அவ்வளவுதான்.

"அவளா?" என்று கத்தினாள் லரூ. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. "அவளுக்கு இதெல்லாம் தானா எங்கே தோணும்? என் ஓடையைப் பார்த்துட்டுப் போய்த்தான் அடுக்கினா! முதல்ல அடுக்கினது நான். மூணு வரிசை! மேல இருக்கற ஓடை என்னுது, முதல்ல ஒடைஞ்சதும் என்னுதுதான். வந்து பாரு, இதைவிட ரெண்டு மடங்கு ஆழம். இவ கிழிச்சது என்ன பெரிய கிழிசல்!"

வெர்ல் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வசந்தம் போயே போய்விட்டது.

ரெனாட்டா வடக்கே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு கேட்டும் ஒரு வசந்தத்துக்குப் பூட்டு என்றாள். குற்றம் மாட்டின் மேல் இல்லை என்று எழுதுவதாகவும், கல்லை எல்லாம் பிரித்து ஒழுங்காகப் பதித்தால் அதற்கடுத்த வருஷம் திறக்க வழியுண்டு என்றும் சொன்னாள். லரூவின் பக்கம் திரும்பி, "சொன்னதுக்கு நன்றி" என்றாள். நன்றிதான். மறப்பேனா என்றெல்லாம் சொல்லவில்லை.

ஆண்கள் ஏலத்துக்கு எந்த மாட்டை ஓட்டுவது என்று தணிந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். மாடுகளின் பேர் ஒவ்வொன்றாகக் காதில் விழ விழ, லரூவுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. பள்ளத்தின் ஓரத்தில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தாள். நெட்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லப் போகிறாள், அதையும் தாங்கித் தொலைக்க வேண்டும் என்று லரூ மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மூணு வரிசைன்னு சொன்னே இல்ல?" என்றாள் நெட்ரா, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "என்னுது நாலு."

லரூ திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தேடிய அந்தக் கறுப்பு, உதட்டோரத்துக் கோணல், எல்லாம் அங்கே இருந்தது. ராத்திரி ராத்திரியாகத் தூங்காதவளின் கண் அது. தன் வீட்டுக் கண்ணாடியில் லரூ தினமும் பார்க்கிற கண்.

"பொய்," என்றாள் லரூ. "நாலு வரிசை நிக்கவே நிக்காது."

"நின்னுது," என்றாள் நெட்ரா. "மழை வர்ற வரைக்கும் நின்னுது."